மலைவீட்டில் கரண்ட் இல்லாத மார்கழி

மூணாறு மலைகளில் கரண்ட் போவது ஒரு செய்தியே அல்ல. மார்கழியில் போய் நாட்கணக்கில் திரும்பாமல் இருப்பதுதான் வேறு கதை. வடகிழக்குப் பருவமழையின் கடைசிச் சுற்றில் மண் நன்றாக ஊறியிருக்கும் நேரத்தில் காற்றும் சேர்ந்துகொண்டால், விறகுக்காக வளர்க்கப்படும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரங்கள் வேரோடு சாய்ந்து, 11 கேவி உயர் அழுத்த லைனையும் போஸ்ட்டுகளையும் இழுத்துக்கொண்டு விழுந்துவிடும். சென்ற மார்கழியில் எங்கள் எஸ்டேட் பக்கம் அப்படித்தான் நடந்தது. கரண்ட் வர ஒரு வாரத்தை நெருங்கிவிட்டது. இத்தனைக்கும் 1940-இல் உற்பத்தியைத் தொடங்கிய, கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் எங்களுக்குக் கீழே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் பக்கத்து வீட்டுக்கு நேராக வந்துவிடாது. சப்ஸ்டேஷனுக்குப் போய், பிறகு அதே மரங்களுக்கு நடுவே ஓடும் லைன் வழியாகத்தான் மேலே ஏறி வர வேண்டும்.

வெளிச்சம் எளிதில் தீர்ந்துவிடும் பிரச்சினை. இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது. குளிரும் பழைய பேட்டரியும் தின்றது போக 1,200 கிடைத்தாலும், இரண்டு எல்இடி பல்புக்கும் போன் சார்ஜுக்கும் மணிக்கு 30 வாட்-மணிதான் செலவு. பொழுது சாய்ந்தபின் மட்டும் சில மணி நேரம் போட்டுவிட்டு இன்வெர்ட்டரையே அணைத்துவைத்தால் பல நாள் தாங்கும். சும்மா இருக்கும்போதும் அது பேட்டரியைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இதே பேட்டரியில் 2,000 வாட் ரூம் ஹீட்டரை ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது. ஆகவே கரண்ட் இல்லாத மலைவீட்டில் உண்மையான கேள்வி விளக்கு அல்ல, சூடுதான் என்பது என் முடிவு.

பழைய லயங்களில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்பவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. விறகடுப்பும் அதற்கு மேலே புகைபோக்கியும் இருக்கின்றன; கவாத்து (செடிகளை வெட்டிவிடுதல்) முடிந்த தேயிலைக் காட்டிலிருந்து சுமந்து வந்த மிலாறு, அதாவது வெட்டிய குச்சிகள், அடுப்பங்கரையில் அடுக்கிக் கிடக்கும். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலோ, கேஸும் கீசரும் வந்த பிறகு புகைபோக்கியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். எனவே வீட்டிலேயே சிறிய அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அதற்குள் குடியேறினோம். கதவடியில் சாக்கைச் சுருட்டி வைத்து, சிமெண்டுத் தரையின் மீது முதலில் சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் பழைய கம்பளி என்று விரித்தோம். மேலே எத்தனை போர்த்தினாலும் தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுக்காவிட்டால் பயனில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்பதால், சிறிய அறையில் நான்கு பேர் சேர்ந்திருப்பதே சின்ன ஹீட்டர் ஒன்று ஓடுவதற்குச் சமம். படுக்கும் முன் கேஸில் காய்ச்சிய வெந்நீரை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, துண்டால் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால், நள்ளிரவு தாண்டியும் கதகதப்பு இருக்கும்.

கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுவரலாமே என்ற யோசனை எல்லா வீட்டிலும் வரும்; எங்கள் வீட்டிலும் வந்தது. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பாட்டி, "நெருப்ப வச்சுக்கிட்டு கதவச் சாத்திப் படுக்காதய்யா, காலையில எந்திரிக்க மாட்ட" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். புகை அடங்கிச் செக்கச்செவேலென்று கனிந்த கரி பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. அந்தக் கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தூக்கம் போலவே வருவதால், தூங்குகிறவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. நாங்கள் மாலையில் பாட்டி வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து குளிர்காய்ந்துவிட்டுத் தூங்க மட்டும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. இரவில் ஜன்னல் திட்டில் வைத்த பால் ஃப்ரிட்ஜில் இருந்ததைவிடச் சில்லென்று இருந்தது. போன்தான் ஏமாற்றியது. டவரின் பேட்டரி தீர்ந்ததும் சிக்னல் போய்விட்டது. லைன் வேலை எந்த வளைவு வரை வந்திருக்கிறது என்பதை ஜீப் ஓட்டுநர்கள்தான் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொல்லிப் போனார்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டை வெளி லைனிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், வயரை நேராக வீட்டு பிளக்கில் செருகாதீர்கள். அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி உயர் அழுத்தமாக மாறிவிடும். செத்த லைன் என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேனின் உயிர் போய்விடும். அதுபோலவே கரண்ட் வருவதற்கு முன்பே ஃப்ரிட்ஜ், கீசர், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்து ஒரு பல்பை மட்டும் விட்டுவைப்பது நல்லது. திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும். பல்பு நிதானமாக எரிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம்.

அடைத்த புகைபோக்கியைத் திறந்து தரும்படி வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். கரி படியும், பிறகு வீட்டை டூரிஸ்டுகளுக்கு விட முடியாது என்கிறார். கொத்தனார் கூலியையும் வெள்ளையடிக்கும் செலவையும் நானே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மழைக்கு முன்பு பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.