சேதம் எது, ஓவியம் எது?

கண்காட்சிக்கு இரவலாக வரும் படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்று எழுதி வைப்பது என் வேலை. கண்டிஷன் ரிப்போர்ட் என்போம். கிழிசல், மடிப்பு, கறை, கீறல், பூச்சி அரித்தது என்று பாரத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். சின்ன மடிப்பைக்கூட விடக்கூடாது. விட்டால், திருப்பி அனுப்பும்போது அது நம் தலையில் விடியும்.

சேர்ந்த புதிதில் ஒரு பெட்டியைத் திறந்தால், உள்ளே வெறும் வெள்ளைத் தாள். மை கிடையாது, கோடு கிடையாது. படத்தை வைத்துக்கொண்டு அட்டையை அனுப்பிவிட்டார்களோ என்று சீட்டைப் பார்த்தேன். வங்கத்து அச்சோவியக் கலைஞர் சோம்நாத் ஹோர், 'காயங்கள்' வரிசை. சரி, இருப்பதை எழுதுவோம் என்று பென்சிலை எடுத்தேன். (படம் இருக்கும் மேசைக்குப் பேனா வரவே கூடாது.) கிழிசல் ஒன்று, குழி மூன்று, கீறல் ஏழு.

மூத்த சக ஊழியர் எட்டிப் பார்த்தார். "ஓவியத்தையே சேதம்னு எழுதிட்டியே!" என்று சிரித்தவர், மேல்விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளின் ஓரத்தில் மேசையோடு ஒட்டிப் பிடித்தார்.

நடுவில் ஒரு பிளவு. இரண்டு பக்கமும் உதடு தடித்து, இடையில் நிழல் தேங்கியிருந்தது. தையல் பிரிந்த புண் மாதிரி. டார்ச் நகர்ந்தால் நிழலும் புரண்டது. விளக்கைப் போட்டதும் பழையபடி வெள்ளைத் தாள்.

ஹோர் இதற்கு மையையே தொடவில்லை. களிமண் அல்லது மெழுகுப் பரப்பைக் கத்தியால் கீறி, சூடான கம்பியால் பொசுக்கி, அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, காகிதக் கூழை அதில் அழுத்திக் காயவைத்தார். அதாவது, இந்தத் தாளை யாரும் வெட்டவில்லை. காயத்தோடுதான் அது தாளாகவே ஆனது. 1943 வங்கப் பஞ்சத்தின்போது அவருக்கு 22 வயது. பட்டினி கிடந்தவர்களை நேரில் பார்த்து வரைந்தவர். 1970களில் இந்த வரிசைக்கு வந்தபோது முகம், விலா எலும்பு எல்லாம் போய்விட்டன. யாருடைய காயம் என்று கேட்க வழியில்லை.

1953இல் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரௌஷன்பர்க், பிரபல ஓவியர் வில்லெம் டி கூனிங் கொடுத்த கோட்டோவியத்தை ரப்பரால் அழித்து, அழித்த தாளையே படைப்பாக வைத்தார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதன் கதை தெரியாவிட்டால் எனக்கு அந்தத் தாளில் பிடிமானம் இல்லை. ஹோரின் தாளுக்கு ஒரு டார்ச் போதும்.

பாரத்தை மறுபடி முதலிலிருந்து எழுதினேன், இந்தத் தடவை உருப்பெருக்கியோடு. அச்சில் பிறந்த பிளவின் விளிம்பு மழமழவென்று உருண்டிருக்கும். பிற்பாடு கிழிந்த இடத்தில் நார் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும். வலது கீழ் மூலையில் 4 மி.மீ. கிழிசல் ஒன்று, அது நிச்சயம் சேதம். பிளவுக்குக் கீழே ஒரு சின்னக் குழிதான் பிடிபடவில்லை. பாதி விளிம்பு உருண்டை, பாதி பிசிறு. பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பெட்டியில் வைத்து அனுப்பும்போது திரும்பவும் பார்த்தேன். கேள்விக்குறியை அழிக்கவில்லை.