வெள்ளிக்கிழமை எட்டு மணி மேட்ச்: பிரான்ஸ்ல ஒரு லீக் 2 சீசன்

பாரிஸ்ல இருந்துட்டு வந்தேன்னு சொன்னாலே எல்லாரும் முதல்ல கேக்குறது, பி.எஸ்.ஜி (அந்த ஊரோட பெரிய ஃபுட்பால் டீம்) மேட்ச் பாத்தியான்னுதான். பாக்கல. 2024-25 சீசன் ஓடிட்டிருந்தப்போ ஆபீஸ் வேலையா அங்க இருந்தேன். வெள்ளிக்கிழமை லேப்டாப்ப மூடிட்டு கிளம்புனா எட்டு மணிக்கு லீக் 2 மேட்ச், அதாவது அவங்க ஊர் ரெண்டாவது டிவிஷன், அதுவே எனக்குப் போதும்னு ஆயிடுச்சு. பாரிஸ்ல நம்ம தமிழ்க் கடைங்க இருக்குற லா ஷப்பேல்ல சாப்பிடப் போற கடையில யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் இருப்பார், "உந்த மேட்சுக்கெல்லாம் ஏன் தம்பி போறீங்கள், பெரிய டீம் ஊருக்குள்ளயே இருக்குதெல்லே"ன்னு ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

முதல் மேட்ச்லயே எனக்கு ஒரு ஆச்சரியம். லீக்கோட பேரே லீக் 2 பி.கே.டி. எங்கயோ கேட்ட பேரா இருக்கேன்னு யோசிச்சா, நம்ம பாலகிருஷ்ணா இண்டஸ்ட்ரீஸ், டிராக்டர் டயர் பண்ற மும்பை கம்பெனி! 2020ல இருந்து அவங்கதான் டைட்டில் ஸ்பான்சர். பிரெஞ்சு விவசாயிக்கு டயர் விக்கணும்னா இந்த லீக்ல போர்டு வைக்கிறதுதான் சரின்னு யோசிச்சவன் கெட்டிக்காரன், ஏன்னா இதுல ஆடுற டீம் பாதி சின்ன ஊர் டீம்.

நான் இருந்த வருஷம் பாரிஸ் பக்கம் ரெண்டு டீம் இதே டிவிஷன்ல இருந்துச்சு, பாரிஸ் எஃப்.சியும் ரெட் ஸ்டாரும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரகம்.

ரெட் ஸ்டார் இருக்குறது வடக்கே செயிண்ட்-துவான்ல, பழைய சாமான் சந்தைக்குப் பேர் போன ஊர், மெட்ரோ 4ல கடைசி வரைக்கும் போய் இறங்கி சந்தையத் தாண்டி நடந்துடலாம். கிளப்ப 1897ல ஆரம்பிச்சவர் ஜூல் ரிமே, பின்னாடி உலகக் கோப்பையவே தொடங்கி வச்சவர். பாவெர்னு கூப்பிடுற கிரவுண்டு 1909ல இருந்து அங்கயே இருக்கு, நான் போனப்போ புதுப்பிக்கிற வேலை நடந்துட்டு இருந்துச்சு, ஒரு பக்கம் கிரேன், இன்னொரு பக்கம் பால்கனியில நின்னு ஓசியில மேட்ச் பாக்குற அபார்ட்மெண்ட்காரங்க. ஒரு ஸ்டாண்டுக்கு ரினோ தெல்லா நெக்ரான்னு பேரு. இந்த கிளப் பிளேயர், நாஜிகளுக்கு எதிரா மனுஷியான் குழுங்கிற ரகசியப் போராளிக் குழுவோட சேர்ந்து சண்டை போட்டவர், 1944 பிப்ரவரி 21 அன்னைக்கு சுட்டுக் கொன்னுட்டாங்க, வயசு இருபதுதான். சாகுறதுக்கு முன்னாடி தம்பிக்கு எழுதின லெட்டர்ல ரெட் ஸ்டார் ஆளுங்களுக்கும் வணக்கம் சொல்லச் சொல்லியிருக்கார். இது தெரிஞ்சப்புறம் அந்த ஸ்டாண்ட்ல இருந்து வர்ற சத்தத்த வெறும் சத்தமா கேக்க முடியல. ஆட்டம் என்னவோ சுமார்தான், நிறைய ஃபவுல், நிறைய ஏரியல் பால், ஆனா யாரும் போனைப் பாக்கல.

தெற்கே பாரிஸ் எஃப்.சி ஆடுன ஷார்லெத்தி ஸ்டேடியம் அப்படியே உல்டா. ஆர்.இ.ஆர் பி ட்ரெயின்ல போய் இறங்குனா ஈஸி, ஆனா சுத்தி ஓட்டப்பந்தய டிராக், பந்து எங்கயோ தூரத்துல உருளுது, இருபதாயிரம் பேர் உக்காரலாம், நிறையவே மாட்டேங்குது. 2023 நவம்பர்ல பாரிஸ் எஃப்.சி டிக்கெட்டே இலவசம்னு அறிவிச்சாங்கன்னா பாத்துக்கோங்க, பாரிஸ் மாதிரி ஊர்ல! அப்புறம் 2024 கடைசியில எல்விஎம்எச்ங்கிற ஆடம்பரப் பொருள் கம்பெனியோட ஆர்னோ குடும்பம் கிளப்ப வாங்குச்சு, ரெட் புல்லும் கொஞ்சம் பங்கு எடுத்துச்சு, ஒரே சீசன்ல ஓசி டிக்கெட் கிளப்பு பணக்கார கிளப்பு ஆயிடுச்சு. எனக்கு அந்த டீம் மேல கோவம் ஒண்ணும் இல்ல, அவங்க பிளேயர் கெப்பால் பந்த வச்சுக்கிட்டு ஆடுறது பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா கோல் போட்டா பக்கத்து சீட்காரர் மெதுவா கைதட்டுறார், என்னத்த சொல்ல.

சீசன் நடுவுல ஒரு தடவை பாரிஸ விட்டு பிரான்ஸோட மேற்கு ஓரம் பிரிட்டனி பக்கம் கேங்கம்ப்ங்கிற ஊருக்குப் போனேன், மொம்பர்னாஸ் ஸ்டேஷன்ல இருந்து ப்ரெஸ்ட் லைன் டிஜிவி, அதாவது வேக ட்ரெயின். ஊர் ஜனத்தொகையே சுமார் ஏழாயிரம், ரூதூரூ ஸ்டேடியம் அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல! மேட்ச் அன்னைக்கு சுத்துப்பட்டு கிராமமெல்லாம் கார் எடுத்துட்டு வந்து இறங்குது, நம்மூர்ல தேர் இழுக்குற நாள் மாதிரி, கையில சாசேஜ் சுத்துன கேலெட், தோள்ல கறுப்பு வெள்ளை பிரிட்டனி கொடி. 2009ல இந்த டீம் லீக் 2ல இருந்துக்கிட்டே பிரெஞ்சு கப் ஃபைனல்ல ரென் டீம 2-1னு அடிச்சுச்சு, பாக்க வந்தது எண்பதாயிரம் பேரு. ஐரோப்பாக் கப்புக்குப் போயிட்டு வந்த அதே சீசன் முடிவுல மூணாவது டிவிஷனுக்கு இறங்கிட்டாங்க. அங்க யாரும் இத வெக்கப்பட்டுச் சொல்லல, ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றாங்க. பின்னாடி பெரிய ஸ்டாரான த்ரோக்பாவும் மலூதாவும் ஒண்ணா ஆடுன ஊரும் இதுதான்.

வெள்ளிக்கிழமை நேரம் எனக்கு வசதியா இருந்துச்சே தவிர அங்க ரசிகர்களுக்கு அது பெரிய எரிச்சல். யோசிச்சா நியாயம்தான், டிவிக்காக வேலை நாள் ராத்திரி மேட்ச வச்சுட்டா பாரிஸ்காரன் எப்படி கோர்சிகாத் தீவுல பாஸ்டியா வரைக்கும் போவான், போனா எப்படித் திரும்புவான். அதனால வெளியூர் ரசிகர் பகுதி பல மேட்ச்ல காத்தாடுச்சு, பேனர் புடிச்சு கத்தியும் அந்த சீசன்ல நேரம் மாறல.

2025 மே 2 ராத்திரி மார்த்தீக்ங்கிற ஊர்ல 1-1 டிரா, பாரிஸ் எஃப்.சி முதல் டிவிஷனான லீக் 1க்கு ஏறிடுச்சு, 1979க்கு அப்புறம் அப்பதான். லோரியோன் முதல் இடம், மெட்ஸ் பிளே-ஆஃப் வழியா லீக் 1 டீமான ரேம்ஸ அடிச்சு ஏறுச்சு. ரெட் ஸ்டார் தட்டுத்தடுமாறி இதே டிவிஷன்ல தங்கிடுச்சு, நான் அதுக்குத்தான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். பாரிஸ் எஃப்.சி இப்போ ஷார்லெத்திய விட்டுட்டு ஜான்-ப்வான் ஸ்டேடியத்துக்குப் போயாச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பி.எஸ்.ஜி கிரவுண்டு. நீங்க பாரிஸ் போனா சந்தைய சுத்திட்டு அப்படியே பாவெர் பக்கம் போங்க, டிக்கெட் மட்டும் முன்னாடியே போட்டுருங்க, சின்ன கிரவுண்டு.