ஒளி குறையும் நிமிடங்கள்

ஜனவரி 9

ஈஎக்ஸ்ஓ 0748–676-ஐ இன்று கையில் எடுத்தேன். ஒரு நியூட்ரான் விண்மீனும் (வெடித்த பெருவிண்மீன் ஒன்றின் மிக அடர்ந்த மிச்சம்) ஒரு சின்னத் துணை விண்மீனும் 3.82 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் இரட்டை. 1985-இல் எக்ஸோசாட் என்ற எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. எனக்குத் தேவை எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இன்னொரு எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் 2003-இல் எடுத்த காப்பகத் தரவு. அந்தச் செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற ஏறக்குறைய 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் பல சுற்றுகளை விட்டுவிடாமல் பார்க்கலாம். தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியே குறுக்கே வந்து நிற்கும்.

ஜனவரி 10

பத்து விநாடிக்கு ஒரு புள்ளி வீதம் ஒளிவளைவு, அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் கோடு, போட்டேன். கிரகணம் உடனே கண்ணில் பட்டது. துணை விண்மீன் மறைக்கும் எட்டு நிமிடம், இரு பக்கமும் செங்குத்துச் சுவர். அதற்கு முன்னால் வரும் டிப்புகளோ (ஒளி திடீரெனக் குறையும் பள்ளங்கள்) எலி கடித்த துணி மாதிரி இருக்கின்றன: விழுகிறது, பாதி எழுகிறது, மறுபடி விழுகிறது. துணையிலிருந்து வழியும் வாயு, நியூட்ரான் விண்மீனைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டான திரள்வட்டின் ஓரத்தில் மோதிப் புடைத்து நிற்கிறது. நாம் வட்டைக் கிட்டத்தட்டப் பக்கவாட்டில் பார்ப்பதால், அந்தப் புடைப்பு ஒவ்வொரு சுற்றிலும் நம் பார்வையை மறித்துப் போகிறது.

ஜனவரி 12

பின்னணி இரைச்சல் நீக்கும் வேலை மட்டும்.

ஜனவரி 15

ஒளியை ஆற்றல்படி இரண்டு பட்டைகளாகப் பிரித்தேன்: 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கீழே ஒன்று, 5-க்கு மேலே ஒன்று. டிப் வரும்போது கீழ்ப்பட்டை அதலபாதாளத்துக்குப் போகிறது, மேல்பட்டை லேசாகத்தான் அசைகிறது. கிரகணத்திலோ இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. ஆக, டிப்பின்போது விண்மீன் மங்கவில்லை. இடையில் வாயு நிற்கிறது. ஆற்றல் குறைந்த கதிர்களை அது விழுங்கிவிடுகிறது, ஆற்றல் மிக்கவை ஊடுருவி வந்துவிடுகின்றன. படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் என் திரையில் அந்த இரண்டு கோடுகளும் பிரிந்தபோது மனசு நிறைந்துபோனது.

ஜனவரி 16

எல்லாச் சுற்றுகளையும் 3.82 மணி நேரத் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று மடித்துச் சராசரி எடுத்தேன். வழவழவென்று ஒரு கிண்ணம் வந்தது. உண்மையான டிப் ஒன்றுகூட அப்படி இல்லை! அந்தப் படத்தை அழித்துவிட்டு, ஆறு சுற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். கிரகணங்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. டிப்புகள் மட்டும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. மூன்றாவதில் டிப் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருந்தது. ஓரத்துப் புடைப்பு நாலு மணி நேரத்துக்குள் உருமாறிவிடுகிறது. சராசரி எடுத்தால் இந்த மாற்றம்தான் முதலில் காணாமல் போகிறது, அதைப் பார்க்கத்தானே வந்தேன்.

ஜனவரி 19

ஐந்தாவது சுற்றில், டிப்பின் நடுவே ஒரு வெடிப்பு. நியூட்ரான் விண்மீன்மேல் குவிந்த வாயு அணுக்கரு இணைவில் பற்றிக்கொண்டு, சில விநாடிகளில் உச்சத்துக்கு ஏறி, மெல்லத் தணிகிறது. மேல்பட்டையில் நெடிய முள்ளாக நிற்கிறது, கீழ்ப்பட்டையில் குட்டையான மேடு. கணக்கில் பிழையோ என்று ஒரு மணி நேரம் தேடினேன். பிழை இல்லை. வெடிப்பின் ஒளியும் அதே வாயு வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அப்புறம், டிப்புக்கு வெளியே நடந்த வெடிப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் இரண்டு பட்டைகளும் சேர்ந்து ஓங்கி எழுகின்றன. நாளைக்கு இந்த இரண்டின் நிறமாலையையும், அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி என்பதையும், எடுக்கப் போகிறேன்.