கணு இல்லாத இலைக்கு 850 ரூபாய்

போன ஆடி மாதம் ஆன்லைனில் ஒரு மான்ஸ்டெரா வாங்கினேன், பெரிய இலையில் கிழிசலும் ஓட்டையுமாக வளரும் அலங்காரக் கொடி. 'வேர் விட்ட கட்டிங்' என்று போட்டிருந்தார்கள், 850 ரூபாய். பார்சலைப் பிரித்தால் அழகாக அகலமாக ஒரு இலை, நீளக் காம்பு, காம்பின் அடியில் நாலைந்து வெள்ளை வேர்கள். இலை இருக்கிறது, வேர் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு சமையலறை ஜன்னலில் வைத்தேன்.

வேர் ஜோராக வளர்ந்தது. டம்ளருக்குள் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது. இலைதான் அதே ஒற்றை இலை. வெளிச்சம் போதவில்லையோ என்று இடம் மாற்றினேன். ஐப்பசி மழையும் முடிந்து தை பிறந்துவிட்டது. ஒரு துளிர் இல்லை.

பொங்கலுக்கு சோழவந்தானிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். வெற்றிலைக் கொடிக்காலிலேயே காலம் தள்ளியவர். டம்ளரைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். "இதுல கணுவே இல்லையேடா. வெறும் காம்பை வச்சுக்கிட்டு யாருக்குக் காத்திருக்க?"

அவ்வளவுதான் விஷயம். புதுத் தளிர் கணுவில் இருக்கும் மொட்டிலிருந்துதான் வரும். காம்பு வேர் விடும், மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும், ஆனால் செடியாகாது. கரும்பு, வெற்றிலை, மணி பிளாண்ட் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பொங்கல் கரும்பை வருஷா வருஷம் கணு கணுவாகக் கடித்துத் துப்பியவனுக்கு இது தோன்றவே இல்லை.

விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். "வேர் இருக்கு, இலை உயிரோட இருக்கு, என்ன சார் பிரச்சினை?" என்று பதில். திரும்பக் கேட்டதற்கு, பார்சல் பிரிக்கும் வீடியோவை 24 மணி நேரத்துக்குள் அனுப்பியிருக்க வேண்டுமாம். ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் மோசடிக்கு 24 மணி நேரக் கெடு! நீங்கள் வாங்கும் முன் காம்பின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காம்போடு ஒரு துண்டுத் தண்டு ஒட்டியிருக்க வேண்டும், அதில் வளையம் போன்ற தழும்பும் பக்கத்தில் சின்னப் புடைப்பாக மொட்டும் தெரிய வேண்டும். படம் தர மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அடுத்து நர்சரியில் நேரில் பார்த்தே ஒரு செடி வாங்கினேன். அதிலும் ஒரு வில்லங்கம்: பிசுபிசுவென்ற செம்மண்ணில் நட்டிருந்தார்கள். மூன்று வாரத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகின. பிடுங்கிப் பார்த்தால் பாதி வேர் பழுப்பாகி, தொட்டால் தோல் உருவிக்கொண்டு வந்தது. அழுகியதை வெட்டிவிட்டு, தேங்காய் நார்த்தூள், பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகள், கரித்துண்டு கலந்து நட்டேன். பிழைத்தது. வெட்டும்போது சாறு மணிக்கட்டில் பட்டு ஒரு மணி நேரம் அரிப்பு. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான், ஒரே குடும்பம். அரிப்புக்குக் காரணமும் அதே ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையோ பூனையோ இலையைக் கடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம் கம்பு. கொடி ஏறினால்தான் இலை பெரிதாகும், தொங்கவிட்டால் சிறுத்துப்போகும் என்பது மணி பிளாண்ட்டிலேயே பார்த்ததுதான். தென்னை நார் சுற்றிய கம்பு வாங்கி ஊன்றினேன். அதன் மேல் தண்ணீர் தெளித்தால், நம்மூர் வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். கொடி பிடித்து ஏறுவதற்காகத் தண்டிலிருந்து வெளியே நீளும் வான்வேர் ஒன்றுகூட ஒட்டவில்லை. கட்டியதிலும் கோளாறு: இலைக்காம்புகளைக் கம்போடு சேர்த்து இறுக்கியிருந்தேன். இலை வெளிச்சம் பார்த்துத் திரும்ப முடியாமல் இரண்டு காம்பு மடங்கிப்போயின.

பெரியப்பாவிடம் போனில் கேட்டேன். "கொடிக்கு முன்னு பின்னு உண்டுடா. வேர் விடுற பக்கத்தைக் கம்பு பக்கம் திருப்பு. தண்டை மட்டும் கட்டு, காம்பை விட்டுரு." கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியில் கட்டுவதும் அப்படித்தானாம். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துத் திருப்பி நட்டு, வாழைநாரால் கணுவுக்குக் கொஞ்சம் கீழே தளர்வாகக் கட்டினேன். கம்பின் தலையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியில் ஊசியால் ஒரு துளை. சொட்டுச் சொட்டாக நார் நாள் முழுக்க ஈரமாக இருந்தது. பத்தே நாளில் ஒரு வான்வேர் நாருக்குள் நுழைந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

போன வாரம் சுருட்டு மாதிரி வந்த புது இலை விரிந்தது. இரண்டு பக்கமும் கிழிசல், நடுநரம்பை ஒட்டி ஒரு ஓட்டை. கிழக்கு ஜன்னலின் காலை வெயில் போதும்போலிருக்கிறது.

டம்ளர் இலை இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது, பச்சைப் பசேலென்று. தூக்கிப் போடச் சொல்கிறார்கள். 850 ரூபாய் ஆயிற்றே.