கடைசி ரெண்டு இன்ச்

வேலைக்கு சேர்ந்த புதுசுல டிராக்டர் பின்னால மோவர், அதாவது புல் வெட்டுற மிஷின், மாட்டுறத யாரும் எனக்கு உக்கார வச்சு சொல்லித் தரல, மூத்தவங்க பண்றத பாத்து கத்துக்கிட்டதுதான், அதுல நல்லதும் வந்துச்சு கெட்ட பழக்கமும் கூடவே ஒட்டிக்கிச்சு.

கெட்ட பழக்கம்னு சொல்றது இதத்தான். ஒருத்தர் சீட்ல உக்காந்து ரிவர்ஸ் எடுப்பாரு, இன்னொருத்தர் டிராக்டருக்கும் மோவருக்கும் நடுவுல நின்னு "வாங்க வாங்க, இன்னும் கொஞ்சம், நில்லுங்க"ன்னு கை காட்டணும், நடுவுல நிக்கிறது எப்பவும் நான்தான். ஒரு நாள் லோயர் லிங்க் (டிராக்டர் பின்னால கீழ இருக்கற ரெண்டு தூக்குற கைகள்ல ஒண்ணு) ஓட்டைக்கும் அதுல நுழையுற மோவரோட இரும்பு பின்னுக்கும் ரெண்டு இன்ச்தான் பாக்கி, நான் குனிஞ்சு லிங்க்க தூக்கிப் பிடிச்சிருக்கேன், சீட்ல இருந்த அண்ணனுக்கு கிளட்ச்ல இருந்து கால் வழுக்கிருச்சு. வண்டி ஒரே குதியா பின்னால வந்து என் தொடைய உரசிட்டு ஆஃப் ஆகி நின்னுச்சு. அடி எதுவும் படல, ஆனா கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரம் ஆச்சு, அண்ணனுக்கு என்னை விட அதிகமா நடுங்குச்சு.

அதுக்கப்புறம் வண்டி ஓடும்போது நடுவுல ஆளே கிடையாதுன்னு ஆக்கிட்டோம். சமதரையில நேரா, மெதுவா ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, பி.டி.ஓ (இன்ஜின் சக்திய மோவருக்கு கொடுக்க டிராக்டர் பின்னால சுத்துற தண்டு) ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இன்ஜின் ஆஃப், சாவிய உருவி பாக்கெட்ல போட்டுட்டுத்தான் பின்னால போறது. பொருந்தலன்னா மறுபடி ஏறி உக்காந்து சரி பண்ணணும், சில நாள் நாலஞ்சு தடவ ஏறி இறங்க வேண்டியிருக்கும், பரவாயில்ல.

இடது லிங்க்க முதல்ல மாட்டுவேன். நான் ஓட்டுன வண்டிகள்ல வலது பக்கம்தான் உயரத்த கூட்டிக் குறைக்க கைப்பிடி இருக்கும், அதனால இடது உக்காந்ததும் வலத திருகி ஓட்டைக்கு நேரா கொண்டு வந்துடலாம். மேல நடுவுல இருக்கற டாப் லிங்க் கடைசி, அத திருகினா நீளம் கூடும் குறையும், மோவர் முன்ன பின்ன சாய்வும் அதுலதான் சரியாகும். பின் அளவையும் பாக்கணும், இந்த லிங்க் அளவ கேட்டகிரின்னு பிரிச்சிருக்காங்க, சின்ன டிராக்டருக்கான கேட்டகிரி 1-ல கீழ் பின் கனம் 22 மில்லிமீட்டர், அடுத்த பெரிய அளவான கேட்டகிரி 2-ல 28. பெரிய ஓட்டையில சின்ன பின் சுலபமா நுழைஞ்சுடும், நுழைஞ்சுடுச்சேன்னு அப்படியே ஓட்டினா ஆடி ஆடி அடிச்சுக்கிட்டே இருக்கும், இடைவெளிய அடைக்க அதுக்குன்னு இருக்கற புஷ் (இரும்பு வளையம்) போட்டுத்தான் ஓட்டணும். லிங்க் கழண்டு வராம பூட்டுற லிஞ்ச் பின் தொலைஞ்சா ஆணி, கம்பின்னு சொருகிட்டு ஓட்டுறவங்கள பாத்தா எனக்கு இன்னிக்கும் கோபம் வரும்.

பி.டி.ஓ-வையும் மோவரையும் இணைக்கிற ஷாஃப்ட் விஷயத்துலதான் நான் ரொம்ப பிடிவாதம். பி.டி.ஓ வேகம் 540 ஆர்.பி.எம் (நிமிஷத்துக்கு 540 சுத்து)-னு சாதாரணமா சொல்லிடுறோம், அது நொடிக்கு ஒன்பது சுத்து. சட்டை நுனி மாட்டினா கைய இழுக்கணும்னு மூளைக்கு தோணுறதுக்குள்ளயே நாலஞ்சு சுத்து துணிய சுருட்டிடும், ஆளும் துணியோட போயிடுவான். அதனால பிளாஸ்டிக் கவர் உடைஞ்சிருந்தா அன்னிக்கு வேலை கிடையாது, கவர் கூட சேந்து சுத்தாம இருக்க அதோட சின்ன சங்கிலியும் கொக்கியில மாட்டியிருக்கணும். ஷாஃப்ட்ட பி.டி.ஓ-ல தள்ளும்போது லாக் 'டக்'குனு விழுற சத்தம் கேட்டாலும் நம்பாம ரெண்டு கையால பின்னுக்கு இழுத்துப் பாப்பேன், அரைகுறையா உக்காந்த ஷாஃப்ட் ஓடும்போது கழண்டா பக்கத்துல நிக்கிறவன் கதி என்னாகும்.

நீளமும் முக்கியம், வேற டிராக்டர்ல மாட்டும்போது இதத்தான் மறந்துடுவாங்க. ஷாஃப்ட் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற ரெண்டு பாதி, மோவர தூக்கும்போதும் இறக்கும்போதும் அதோட நீளம் மாறும், ரொம்ப நீளமா இருந்தா உள்குழாய் முட்டி பேரிங்க உடைக்கும், குட்டையா இருந்தா ரெண்டு பாதியும் பிரிஞ்சுடும். ரெண்டு பாதியையும் தனித்தனியா மாட்டி, பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்து பாத்துட்டுத்தான் சேக்கணும்.

மாட்டி முடிச்சதும் குறைஞ்ச வேகத்துல பி.டி.ஓ-வ போட்டு சத்தம் கேப்பேன். பி.டி.ஓ-வ ஆஃப் பண்ணாலும் பிளேடு உடனே நிக்காது, அது முழுசா நிக்கிற வரைக்கும் சீட்ட விட்டு இறங்கக் கூடாது. தூக்கி வச்ச மோவருக்கு அடியில ஹைட்ராலிக்க நம்பி கை விடுறதும் கூடாது, தரையில இறக்கி வச்சுடணும், பிளேடு பாக்கணும்னா சாவிய உருவிட்டு கெட்டியான ஸ்டாண்ட் கொடுத்துட்டுத்தான்.

அந்த அண்ணன் அதுக்கப்புறமும் என்னோடதான் வேலை பாத்தாரு. அன்னிக்கு நடந்தத பத்தி நாங்க ரெண்டு பேரும் திரும்ப பேசினதே இல்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு சாவிய அவர் பாக்கெட்ல போடாம இறங்கி வந்து என் கையில கொடுத்துட்டு, தள்ளிப் போய் நின்னுக்குவாரு.