பழவேற்காடு ஏரி: பருவத்துக்குப் பருவம்

நவம்பர் 20

கார்த்திகை பிறந்துவிட்டது. ஆரணியாறும் காளங்கியும் செங்கலங்கலாக ஏரிக்குள் இறங்குகின்றன. இப்போது பூநாரைக்காக (ஃபிளமிங்கோ) வருவது வெட்டி அலைச்சல். அது நின்று மேய முழங்கால் அளவுத் தண்ணீர்தான் தோது. மழைக்கு ஏரி அதைத் தாண்டிவிட்டது. அதற்குப் பதில் சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தள்ளி நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா (பெலிகன்) கூடு கட்டும் காலம் இது.

டிசம்பர் 24

விடுமுறைக் கூட்டம். படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

ஜனவரி 22

தண்ணீர் வடிந்து சேற்றுத்திட்டுகள் தலைகாட்டுகின்றன. சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை புறநகர் ரயில். அங்கிருந்து ஆட்டோவில் ஸ்ரீஹரிகோட்டா சாலை. ஏரியைக் கிழக்கு மேற்காக அறுத்துக்கொண்டு போகிறது. தெற்குப் பக்கம் பறவை எவ்வளவு கிட்டத்தில் நின்றாலும் மயங்க வேண்டாம். தை மாதச் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போவதால் அந்தப் பக்கம் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வடக்கே பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும், நிறம் துலங்கும்.

அலகு வெளிர் ரோஜா, நுனி மட்டும் கறுப்பு என்றால் பெரும் பூநாரை. அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு, ஆளும் குட்டை என்றால் சிறு பூநாரை. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். அலகும் மங்கல்தான், அதை வைத்து இனம் பிரிக்கப் போனால் குழப்பமே மிஞ்சும். மேயும்போது தலை கவிழ்ந்து மேல் அலகு அடியில் வந்துவிடும். நாக்கு பம்பு மாதிரி சேற்றுநீரை இழுத்துத் தள்ளும். வண்டிக் கதவை அறைந்து சாத்தினால் போதும், அத்தனை கழுத்தும் ஒன்றாக நிமிரும். அப்புறம் மேய்ச்சலாவது ஒன்றாவது.

சாலைக் கோடியில் விண்வெளி மையத்தின் சோதனைச்சாவடி. கேமராவை அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம்.

மார்ச் 15

ஒன்பது மணி தாண்டினால் கானல். தொலைநோக்கியில் 60 மடங்கு வைத்தால் பறவையல்ல, கானல்தான் பெரிதாகும். 20 மடங்கே போதும். விடியலில் வந்துவிடுவது உத்தமம்.

மே 28

ஆற்றுவரத்து நின்றுவிட்டது. உள்ளிருந்து தள்ளும் வேகம் இல்லாததால், கரையோரமாக அலை இழுத்துவரும் மணல் முகத்துவாரத்தில் படிந்து மேடாகிறது. வாய் அடைபட்டால் கடல்நீர் வராது. இருப்பதும் வெயிலில் வற்றி, கடலைவிட உப்பாகிவிடும். இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. பாடு முறையில், அதாவது இடத்தை முறைவைத்துப் பிரித்துக்கொண்டு, வலை கட்டுகிறவர்களுக்குத்தான் முதல் அடி. தூர்வாரினாலும் கடல் மறுபடி மணல் கொண்டுவந்து போட்டபடியே இருக்கும்.

வடக்கே படுகை வெள்ளை உப்புப் பொருக்காக வெடித்துக் கிடக்கிறது. நடந்து பார்க்க ஆசை வரும். வெள்ளைக்கு நடுவே கருத்த திட்டு தெரிந்தால் அடியில் ஈரச்சேறு. காலை வைத்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும். மாட்டுத்தடம் பதிந்த வழியாகவே போய், அதே வழியில் திரும்புங்கள்.