ஒரிஜினல் எது?

"எடிட் பண்ணி அம்மாவைக் கறுப்பாக்கிட்டீங்க சார். அன்னைக்குக் கேமராவுல காட்டினீங்களே, அதுதான் ஒரிஜினல். அதைக் கொடுங்க, போதும்." நான் படமெடுத்துக் கொடுத்த ஓர் அம்மாவின் மகன் சொன்னது இது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவர் கேமராத் திரையில் பார்த்தது, வெளிச்சம் பார்க்க கேமராவையே கணக்குப் போடவிட்டு ஆட்டோ மோடில் நான் எடுத்த முதல் படம். அந்த அம்மா நல்ல கறுப்பு. உடுத்தியிருந்தது கருநீலம், பின்னால் சுவரும் அடர்நிறம். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கு எதிரே இருப்பது யார் என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் மங்கலாக்கும், இருண்ட காட்சியை வெளுக்க வைக்கும். அந்தப் படத்திலும் முகம் வெளுத்து, நெற்றிச் சுருக்கங்கள் பாதி காணாமல் போயிருந்தன. அப்புறம் மேனுவலுக்கு மாற்றி, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவைக் குறைத்து எடுத்தவற்றைத்தான் கொடுத்தேன். சொல்லப்போனால் அவற்றில் நான் பெரிதாகக் கைவைக்கவே இல்லை.

போனில் இதையெல்லாம் சொன்னேன். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஊகித்துத்தான் நிரப்புகிறார்கள். நீங்கள் திரையில் பார்த்ததே கேமரா தன் போக்கில் எடிட் பண்ணிய ஜேபெக்தான் என்றேன். அம்மாவுக்கு இந்தப் படங்கள் பிடித்திருந்ததையும் சொன்னேன்.

"அம்மா எதையும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. நீங்க ஒரு மணி நேரம் பார்த்திருப்பீங்க. நான் பிறந்ததுலேருந்து பார்க்கிறேன். எங்கம்மா இவ்வளவு கறுப்பு இல்ல."

இதற்கு என்ன சொல்ல முடியும்? கலர் ஃபிலிம் காலத்தில், நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க லேப்களில் கோடாக்கின் 'ஷர்லி' அட்டைகள் இருந்தன. பல ஆண்டுகள் அவற்றில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான். அந்த முகம் சரியாக வந்துவிட்டால் போதும். கறுத்த முகம் அந்தக் கணக்கிலேயே கிடையாது. கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நம்புகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். வெளுத்த முகத்தையே 'நல்லா வந்த படம்' என்று பார்த்துப் பழகிவிட்டோம், அவர் கண்ணும் அப்படிப் பழகியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அப்படி முடித்துவிடவும் மனம் வரவில்லை. படத்தை அவர் போனில், வெளிச்சம் குறைத்துவைத்த திரையில் பார்த்திருக்கலாம். ஜன்னலோரத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பேசும்போது அவர் பார்க்கிற நிறம், நான் விளக்கு வைத்துப் பார்த்த நிறமாக இல்லாமலும் இருக்கலாம். கறுப்பாக எடுப்பதுதான் நேர்மை என்று நான் பிடிவாதம் பிடித்தேனா? இல்லை, படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராமை இன்று திறந்து பார்த்தாலும் அந்த எக்ஸ்போஷரைத்தான் வைப்பேன்.

கடைசியில் அந்தச் சோதனைப் படத்தையும் அனுப்பிவைத்தேன். அனுப்பியிருக்கக் கூடாது என்று இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொன்னார்கள். அவர் அம்மாவின் படம் அது, தராமல் வைத்துக்கொள்ள நான் யார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் பிரேம் போட்டது அதைத்தான்.

புதிதாக வருகிறவர்களிடம், எடுக்கும்போதே திரையைக் காட்டி ஒளி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிடுங்கள் என்கிறேன். நானோ இப்போதெல்லாம் வெளிச்சம் சரியாகிற வரைக்கும் திரையை யாருக்கும் காட்டுவதில்லை. அன்று காட்டாமல் இருந்திருந்தால் அவர் என் படங்களை ஏற்றுக்கொண்டிருப்பாரா, அல்லது அதிருப்தியை வெளியே சொல்லாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பாரா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.